புதிய நாடு, புதிய பள்ளி

வீட்டில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் குழந்தை திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால் பெற்றோருக்கு எவ்வளவு கவலை உண்டாகும்! வைத்தியரிடம் ஓடுவார்கள், குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்வார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை பேச்சை நிறுத்திவிட்டால் அதைக் கவனிப்பவர் வெகு சிலரே. "சாதுவான பையன், தொந்தரவு இல்லை" என்று உபாத்தியாயரும் திருப்தியடைந்துவிடுகிறார்.

அந்தச் சாதுவான பையன் யார்? சென்ற மாதம் வரையில் தன் ஊர்ப் பள்ளியில், ஆசிரியர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கியவன். இன்று கடைசி வரிசையில், யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று குறுகி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு வியாதி ஒன்றுமில்லை. அவனுடைய தாய் தந்தையர் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

தமிழர்களுக்குக் குடிபெயர்தல் புதிய விஷயமல்ல. முன்னாளில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். இந்நாளில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் விமானம் ஏறுகிறார்கள். போகுமிடத்தில் உத்தியோகம் என்ன, சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு என்று பெரியவர்கள் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். கூடவே போகும் குழந்தைக்குப் புதிய பள்ளிக்கூடத்தில் என்ன நேரும் என்று விசாரிப்பவர்கள் குறைவு. அதைப் பற்றி இவ்வாரம் நாம் சற்று விசாரிப்போம். இதற்காக உலகமெல்லாம் சுற்ற வேண்டியதில்லை. கானடா தேசத்திலுள்ள டொராண்டோ நகரம் ஒன்றையே எடுத்துக்கொண்டால் போதும். பல தேசத்துக் குழந்தைகளும் வந்து சேரும் பள்ளிகள் அந்நகரில் ஏராளம். அவற்றில் நம்மவர் குழந்தைகளும் பெருந்தொகையினர்.

படகில் வந்தவர்கள்

1983-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இலங்கைத் தமிழர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை நேயர்கள் அறிவார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கானடாவில் தஞ்சம் புகுந்தன. 1986 ஆகஸ்டு மாதத்தில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் சமுத்திரத்தில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக்கொண்டிருந்த 155 தமிழர்களை அவ்வூர் மீன்பிடிப்போர் கண்டு காப்பாற்றினார்கள். இவ்வாறு பல வழிகளில் வந்தவர்களில் மிகப் பலர் டொராண்டோவிலும், அதன் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவிலும் குடியேறினார்கள்.

அவர்களுடைய குழந்தைகள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. சில குழந்தைகள் யாழ்ப்பாணத்தில் ஒழுங்காகப் படித்து, கணக்கில் கெட்டிக்காரர்களாக வந்தவர்கள். அவர்களுக்குக் குறைவாயிருந்தது ஆங்கிலம் ஒன்றுதான். வேறு சில குழந்தைகளுக்கோ யுத்தத்தினால் பள்ளிக்கூடமே மூடிப்போயிற்று. இடம் விட்டு இடம் ஓடியதில் இரண்டு மூன்று வருஷப் படிப்பு பாழாகியிருந்தது. முதல் வகைக் குழந்தைக்கு வேண்டியது பாஷை. இரண்டாம் வகைக் குழந்தைக்குப் பாஷையோடு, விட்டுப்போன படிப்பையும் ஈடு செய்தாக வேண்டும். இவ்விருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே பாடத்தைச் சொல்லிக் கொடுத்தால் ஒருவனுக்குச் சலிப்பு, மற்றவனுக்குத் திகைப்பு. டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் இந்த உண்மையை உணர்ந்து இரண்டு தனித்தனிப் பாடத்திட்டங்களை ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

அந்த மாகாணத்தின் கல்விச் சட்டத்தில் 1993-ம் வருஷத்தில் சேர்க்கப்பட்ட ஒரு விதியும் குறிப்பிடத்தக்கது. பெற்றோருக்கோ குழந்தைக்கோ நாட்டில் தங்குவதற்குரிய அநுமதி இல்லையென்ற காரணத்தினால், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது அவ்விதி. பெரியவர்களின் வழக்கைப் பெரியவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். அதற்குள் குழந்தையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பது அதன் கருத்து.

ஆனால் பள்ளியில் இடம் கிடைப்பது வேறு. பள்ளியில் மனம் பொருந்துவது வேறு.

பெயரில் தொடங்கும் தொல்லை

முதல் நாளே பெயரில் தொல்லை ஆரம்பமாகிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுத் தன் பெயரை எழுதுவது நமது வழக்கம். கானடாவிலோ குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்ய முடியாது. ஆகவே முருகேசனுடைய மகன் செந்தில் என்றால், பாரங்களில் இரு பெயரும் இடம் மாறிப்போய், வகுப்பில் "முருகேசன்!" என்று கூப்பிடுகிறார்கள். பையன் 'அப்பா எங்கே வந்தார்?' என்று வாசற்பக்கம் திரும்பிப் பார்க்கிறான். வகுப்பு சிரிக்கிறது. கேட்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அந்தப் பையனுக்கு அது வேடிக்கையாக இருப்பதில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வரும். ஆசிரியர் பேசும்போது தலை குனிந்து நிற்பது மரியாதை என்று நாம் கற்பித்திருக்கிறோம். அங்கேயோ கண்ணைப் பார்த்துப் பேசாதவன் எதையோ ஒளிக்கிறான் என்று நினைக்கிறார்கள். ஆசிரியரைக் குறுக்கிட்டுக் கேள்வி கேட்பது இங்கே அதிகப்பிரசங்கம். அங்கே கேள்வி கேளாதவன் பாடத்தைக் கவனிக்காதவன். இந்தியாவிலிருந்து போகும் குழந்தை 1,00,000 என்று காற்புள்ளி இட்டு 'லட்சம்' என்று வாசிக்கிறது. அந்நாட்டில் அதை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து 'நூறாயிரம்' என்று வாசிப்பார்கள். கணக்குச் சரியாயிருந்தும் விடை தப்பு என்று நினைத்துக் குழந்தை தடுமாறுகிறது. நடுப்பகலில் சோற்று டப்பியைத் திறந்ததும் அடுத்த பையன் மூக்கைச் சுளிக்கிறான். மறுநாள் அந்த டப்பி திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பி வருகிறது. "ஏன் சாப்பிடவில்லை?" என்று அம்மா கேட்டால், "பசிக்கவில்லை" என்று பதில் வருகிறது.

இவையெல்லாம் சில்லறை விஷயங்கள் என்று பெரியவர்கள் நினைக்கலாம். குழந்தையின் ஒரு நாள் என்பது இந்தச் சில்லறைகளின் கூட்டுத்தொகைதானே?

இரண்டு வகை ஆங்கிலம்

"ஆறு மாதத்தில் இங்கிலீஷ் வந்துவிடும், எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்று உறவினர்கள் தைரியம் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. மீதிப் பாதியை ஆராய்ந்து சொன்னவர் ஜிம் கம்மின்ஸ் என்பவர். அயர்லாந்தில் பிறந்து, டொராண்டோ சர்வகலாசாலையில் பேராசிரியராக விளங்கிய கல்வி அறிஞர் இவர்.

டொராண்டோப் பள்ளிகளில் சேர்ந்த வெளிநாட்டுக் குழந்தைகளைப் பற்றிய விவரங்களை அவர் ஆராய்ந்து 1981-ல் வெளியிட்ட முடிவு இது: விளையாட்டிலும் அரட்டையிலும் பேசுவதற்கு வேண்டிய ஆங்கிலம் சுமார் 2 வருஷத்தில் வந்துவிடுகிறது. பாடப் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும், பரீட்சையில் காரண காரியத்தோடு விடை எழுதவும் வேண்டிய ஆங்கிலத்தில் உடன் படிக்கும் பிள்ளைகளை எட்டிப் பிடிப்பதற்குச் சராசரி 5 முதல் 7 வருஷம் ஆகிறது.

இதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. டில்லியில் இரண்டு வருஷம் இருந்த நம்மவர் ஒருவர் கறிகாய்க்காரனிடம் ஹிந்தியில் தாராளமாகப் பேரம் பேசுவார். அதே மனிதரிடம் ஹிந்தியில் எழுதிய வாடகைப் பத்திரம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்! கடைத்தெருவில் பேசும்போது முகக் குறிப்பும் கைச்சாடையும், எதிரிலுள்ள கத்தரிக்காயுமே அர்த்தம் சொல்லிவிடுகின்றன. பத்திரத்தில் அந்த உதவி கிடையாது. பாடப் புத்தகமும் அப்படித்தான். மேலும், கூடப் படிக்கும் கானடாக் குழந்தைகள் இவனுக்காகக் காத்துக்கொண்டு நிற்பதில்லை. அவர்களும் ஒவ்வொரு வருஷமும் முன்னேறிக்கொண்டே போகிறார்கள். ஓடும் வண்டியைப் பிடிக்க வேண்டியவன், வண்டியைவிட வேகமாகவல்லவா ஓட வேண்டும்?

இவ்விரண்டு வகை ஆங்கிலத்தையும் பிரித்துப் பார்க்காததனால் விளையும் தீங்கு கொஞ்சமல்ல. மேற்குக் கானடாவில் ஒரு நகரத்தில், 'புத்தி பரீட்சை' செய்வதற்காக ஆசிரியர்கள் அனுப்பிவைத்த 400-க்கும் மேற்பட்ட வேற்றுமொழிக் குழந்தைகளின் தஸ்தாவேஜுகளைக் கம்மின்ஸ் ஆராய்ந்து, 1984-ல் அதைப் பற்றி எழுதினார். குழந்தை சரளமாகப் பேசுகிறது; ஆகவே பாஷைத் தொல்லை தீர்ந்துவிட்டது; அப்படியும் பாடம் வராவிட்டால் புத்திதான் மந்தம் என்று பல இடங்களில் முடிவு கட்டியிருந்தார்கள். புத்தியை அளந்த கருவியும் ஆங்கிலப் பரீட்சையேதான்! தராசே கோணலாயிருக்கும்போது சரக்கின் எடை எப்படிச் சரியாய் இருக்கும்? ஆனால் அந்தக் கோணல் தராசு சொன்ன எடை ஒரு குழந்தையை மந்த வகுப்புக்கு அனுப்பிவிடக் கூடும். அங்கே போன குழந்தை தானும் அதை நம்பத் தொடங்கிவிடும். இந்தக் காரியத்தில் நாம் அஞ்ச வேண்டியது இதைத்தான்.

வர்ணப் பென்சிலும் புத்தகமும்

டொராண்டோவுக்கு வடக்கே யார்க் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த மூன்று பெண் குழந்தைகள் ஏழாம் வகுப்பில் படித்தார்கள். இருவர் சில வருஷங்களுக்கு முன் வந்தவர்கள். மூன்றாமவள் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவளுக்கு உருது நன்றாகத் தெரியும், ஆங்கிலம் சொற்பம்.

சாதாரணமாக இப்படிப்பட்ட குழந்தையிடம் என்ன கொடுப்பார்கள்? முன்பே வந்தவர்களில் ஒருத்தி தன் அநுபவத்தைப் பிற்பாடு சொல்லியிருக்கிறாள். நாலாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது, அவளிடம் வர்ணப் பென்சில்களையும் படப் புத்தகத்தையும் கொடுத்து வர்ணம் தீட்டச் சொன்னார்களாம். தனக்கு அதைவிட எவ்வளவோ அதிகம் தெரிந்திருந்தும் யாருக்கும் அது தெரியவில்லையே என்று அவள் மனம் நொந்தாள்.

ஏழாம் வகுப்பு ஆசிரியை வேறு வழியில் சென்றார். வகுப்பில் அப்போது நடந்த பாடம், மக்கள் நாடு விட்டு நாடு குடியேறுவதைப் பற்றியது. அந்த மூவரும் சேர்ந்து தங்கள் கதையையே புத்தகமாக எழுதலாம் என்று அநுமதித்தார். அவர்கள் உருதுவில் கலந்து பேசினார்கள், ஆங்கிலத்தில் எழுதினார்கள், மறுபடி உருதுவிலும் எழுதினார்கள். இரு பாஷைகளிலும் இருபது பக்கப் புத்தகம் ஒன்று உருவாயிற்று. சில வாரங்களுக்கு முன் வந்த பெண்ணும் அதன் ஆசிரியர்களில் ஒருத்தி! ஊரையும் உற்றாரையும் விட்டு வரும் துக்கத்தைப் பற்றிச் சொல்ல அவளுக்கு எவ்வளவோ இருந்தது. அதைச் சொல்வதற்கு அவளுடைய சொந்தப் பாஷையை வகுப்புக்குள் அநுமதித்தார்கள். கதவு திறந்துவிட்டது.

இதிலுள்ள தத்துவம் எளியது. மேகம் எப்படி உண்டாகிறது, மழை ஏன் பெய்கிறது என்பதைத் தமிழில் அறிந்த குழந்தை அதையே மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. அதற்குரிய புதிய வார்த்தைகளைக் கற்றால் போதும். தாய்ப்பாஷையில் சேர்த்த அறிவு புதிய பாஷைக்கு மூலதனம். பூச்செடியைப் பெயர்த்து நடுகிறவன் வேரைச் சுற்றியுள்ள தாய்மண்ணோடு எடுத்து வைக்கிறான். மண்ணை உதறிவிட்டு வெறும் வேரை நட்டால் செடி வாடிப்போகும் என்பது அவனுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் செய்யக்கூடியவை

டொராண்டோ வட்டாரப் பள்ளிகள் அநுபவத்தில் கண்ட சில ஏற்பாடுகளை எந்த நாட்டுப் பள்ளியும் கைக்கொள்ளலாம்.

புதிதாக வரும் பெரிய பிள்ளைகளை நேரே வகுப்புக்கு அனுப்பிவிடாமல், முதலில் தனியாக வரவேற்று அவர்களுக்கு என்ன தெரியும் என்று பார்க்கிறார்கள். இதற்கென்றே சில பள்ளிகளில் வரவேற்பு நிலையங்கள் உண்டு. ஆங்கிலம் தெரியாததனால் கணக்கும் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது என்பது இதன் நோக்கம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முன், ஆகஸ்டு மாதக் கடைசியில், புது மாணவர்களுக்கென்று ஒரு வாரம் ஒதுக்குகிறார்கள். அவ்வாரத்தில் பள்ளியைச் சுற்றிக் காட்டுவது, அங்கே முன்பு இதே மாதிரி புதிதாக வந்து திகைத்து நின்று தேறிய மூத்த மாணவர்கள். திகைப்பை அநுபவித்தவனைவிடத் திகைப்பைத் தீர்ப்பதற்குத் தகுந்தவன் யார்?

1990-ம் வருஷங்களின் இறுதியிலிருந்து, குடியேறியவர்களுக்கு உதவி செய்யும் ஊழியர்களைப் பள்ளிகளிலேயே வைத்திருக்கிறார்கள். பெற்றோருக்குத் தெரிந்த பாஷையில் பேசக்கூடியவர்கள் இவர்களில் பலர் உண்டு. ஆசிரியர் அனுப்பும் காகிதத்துக்கு என்ன அர்த்தம், குளிர் காலத்தில் குழந்தைக்கு என்ன உடை வேண்டும், யாரிடம் முறையிடுவது என்பவற்றை அவர்கள் விளக்குகிறார்கள்.

1977 முதல் ஒண்டாரியோ சர்க்கார் பாரம்பரிய பாஷைகளைக் கற்பிப்பதற்கும் உதவி வருகிறது. இருபத்தைந்து குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து கேட்டால் அவர்கள் பாஷைக்கு வகுப்பு நடத்த வேண்டும் என்ற விதியும் பிற்பாடு ஏற்பட்டது. வாரத்தில் இரண்டரை மணி நேரந்தான். அதுவும் வழக்கமான பள்ளி நேரத்துக்கு வெளியே. ஆயினும், தன் பாட்டி பேசும் பாஷை பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குள் ஒலிப்பதைக் கேட்கும் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அவ்வகுப்புகளில் தமிழும் ஒன்று.

செலவில்லாத காரியங்களும் உண்டு. பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்வது ஒன்று. முதல் வாரம் முழுவதும் கூடவே இருக்க ஒரு தோழனை ஏற்படுத்துவது மற்றொன்று. கேலி செய்கிறவனை உடனே கண்டிப்பது மூன்றாவது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

பெற்றோருக்கும் சில வார்த்தைகள். புறப்படும்போது நகையையும் பாத்திரத்தையும் மூட்டை கட்டுவது போலவே குழந்தையின் பழைய நோட்டுப் புத்தகங்களையும் மதிப்பெண் அறிக்கைகளையும் கட்டி எடுத்துச் செல்லுங்கள். அவன் பேச முடியாத நாட்களில் அவனுக்காகப் பேசக்கூடியவை அவைதாம்.

போன இடத்தில் "இனி வீட்டிலும் இங்கிலீஷே பேச வேண்டும்" என்று உத்தரவு போடாதீர்கள். தாங்களே தட்டுத்தடுமாறிப் பேசும் பாஷையில் தாய் தந்தையர் குழந்தைக்கு எதைச் சொல்லிக் கொடுக்க முடியும்? கதை சொல்வதும், அன்றைக்கு நடந்ததைக் கேட்பதும், ஏன் என்று கேட்டால் விளக்குவதும் நல்ல தமிழிலேயே நடக்கட்டும். இல்லாவிட்டால் பத்து வருஷத்துக்குப் பிறகு தாத்தா தமிழில் கேட்பார். பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். நடுவில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும்.

குழந்தைக்குப் பாஷை சீக்கிரம் வந்துவிடுவதால், வைத்தியசாலைக்கும் சர்க்கார் காரியாலயத்துக்கும் அவனையே மொழிபெயர்ப்பாளனாக அழைத்துச் செல்லும் வழக்கம் குடியேறிய குடும்பங்களில் அதிகம். பெரியவர்களின் கவலைகளைப் பத்து வயதுத் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. முதல் வருஷத்து மதிப்பெண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். "இன்று யாரோடு விளையாடினாய்?" என்று கேளுங்கள். அதற்கு ஒரு பெயர் பதிலாக வரத் தொடங்கினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நம் வாசலுக்கு வந்தவர்கள்

கானடாவைப் பற்றிப் பேசிவிட்டு நம் வீட்டு வாசலைப் பாராமல் இருப்பது அழகல்ல. 1942-ல் பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பியவர்கள், 1964-ம் வருஷத்து ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், 1983-க்குப் பிறகு படகேறி ராமேசுவரம் கரையில் இறங்கியவர்கள் என்று நம்மிடமும் அலை அலையாகக் குழந்தைகள் வந்திருக்கிறார்கள். ஈழத்து அகதிக் குழந்தைகளுக்கு நம் சர்க்கார் பள்ளிகளில் இடமளித்தார்கள். 'அகதி முகாம்' என்ற பெயரும் 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது.

"அவர்களும் தமிழர்கள், பாஷைத் தொல்லை இல்லையே" என்று நேயர்கள் சொல்லலாம். தொல்லை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வகுப்பு என்பது 'தரம்', தலைமை ஆசிரியர் 'அதிபர்', மதிப்பெண் 'புள்ளி', தேர்ச்சி 'சித்தி', நோட்டு 'கொப்பி'. நம் பள்ளியில் அறிவியல் என்பதை அவன் விஞ்ஞானம் என்று படித்திருக்கிறான். இயற்பியல் அவனுக்குப் பௌதிகவியல். வேதியியல் அவனுக்கு இரசாயனவியல். நம் பாட்டனார் காலத்தில் நாமும் ரசாயனம், பௌதிகம் என்றுதான் சொன்னோம் என்பதை மறந்துவிட்டு, அவன் "கதைக்கிறேன்" என்றால் நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒரே தமிழுக்குள்ளேயே இப்படியென்றால், வளைகுடா நாடுகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் திரும்பி வந்து, எட்டு வயதில் முதன்முதலாக 'அ' எழுதும் குழந்தையின் பாடு எப்படியிருக்கும்? பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு என்பதை நாமல்லவா நன்றாக அறிந்தவர்கள்?

சட்டத்தில் நமக்குக் குறைவில்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்குச் சமமாக வருவதற்கு விசேஷப் பயிற்சியும் அளிக்க வேண்டும். பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லையென்று சேர்க்க மறுக்கக் கூடாது. 1989-ல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியாவும் 1992-ல் சேர்ந்தது. குழந்தை வாழும் நாட்டையும் அது பிறந்த நாட்டையும், அதன் சொந்தப் பாஷையையும் மதிக்கும்படி கல்வி அமைய வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் ஒரு ஷரத்து.

ஆனால் சட்டம் பள்ளிக்கூடத்தின் வாசல் வரைதான் வரும். உள்ளே போய்ப் பெஞ்சியில் இடம் பிடித்துக் கொடுப்பதற்கு அதற்குச் சக்தி போதாது. அந்தக் காரியம் நம் வீட்டுக் குழந்தைகளிடம் இருக்கிறது. "உன் வகுப்பில் புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா? அவர்கள் பெயர் என்ன? அவர்கள் ஊரில் என்ன விளையாட்டு விளையாடுவார்களாம்?" என்று இன்று மாலை நம் பிள்ளைகளைக் கேட்டுப் பார்ப்போம். பதில் தெரியவில்லையென்றால், நாளைக்குச் சற்று நகர்ந்து உட்கார்ந்து, அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் இடம் கொடுக்கும்படி சொல்லி அனுப்புவோம்.